மர்ஸூக் ஹாஜியார் கண்ட பிறை

1

முதலில் ஒரு பொய்யை ஒப்புக்கொண்டு விடுகிறேன். பதுளையிலிருந்து போகும் ரயிலில் பக்கத்தில் இருந்த பெண் தான் எடுத்த படமொன்றைக் கைபேசியில் காட்டினாள். பிறையாம். சாய்த்துப் பார்த்தேன், நிமிர்த்திப் பார்த்தேன், செம்மஞ்சள் வானத்தைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. "தெரியுதா?" என்று கேட்டாள். அவள் முகத்தில் இருந்த ஆசையைப் பார்த்துவிட்டு, "நல்லாத் தெரியுது" என்றேன். அவள் அப்புத்தளையில் இறங்கிப் போய்விட்டாள். பொய் மட்டும் என்னோடு வந்தது. அதை எங்கே இறக்கி வைப்பது என்று தெரியாமல்தான் இதை எழுதுகிறேன். மற்றதெல்லாம் கற்பனை.

2

தொடக்கம் ஒன்று: "அப்புத்தளை மலைமுகட்டில் மாலைக் கதிரவன் தன் பொற்கரங்களை விரித்து…" வேண்டாம், கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்கிறது.

தொடக்கம் இரண்டு: "ஸிஹாமா மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள்." இது எனக்கு ரொம்ப வசதி. ஏன் என்று போகப் போகத் தெரியும். அடித்துவிட்டேன். அவள் பதுளைக் கச்சேரியில் கோப்புகளைப் பார்க்கும் அரசாங்க லிகிதராக இருக்கட்டும்.

தொடக்கம் மூன்று. இதுவே இருக்கட்டும்:

நோன்பு இருபத்தொன்பது. அப்புத்தளைக்கு மேலே, தேயிலை மலையின் உச்சியில், ஸிஹாமா கெமராவை ஸ்டாண்டில் பூட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அவளுடைய வாப்பா மர்ஸூக் ஹாஜியார், பஸார் துணிக்கடைக்காரர், பேரீச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு மேற்கே பார்த்தபடி நின்றார். இன்று பிறை தெரிந்தால் நாளை பெருநாள். தெரியாவிட்டால் இன்னுமொரு நோன்பு.

3

இந்த ஹாஜியார்மேல் எனக்குக் கொஞ்சம் சந்தேகம் இருக்கிறது. அதைச் சொல்வதற்கு முன் அவருடைய பெருமையைச் சொல்ல வேண்டும். இருபத்திரண்டு வருடமாக ஊருக்காகப் பிறை பார்ப்பவர் அவர்தான். பாதி வருடங்களில் மூடுபனிதான் தெரியும். அப்போது "காணல்ல" என்று சொல்லிவிட்டு இறங்கிவிடுவார். அதனால்தான் "ஹாஜியார் கண்டா கண்டதுதான்" என்று ஊர் சொல்லும். அவர் ஆயுள் முழுக்கச் சேர்த்த சொத்து அந்த ஒரு வார்த்தை. [கடையும் உண்டு. ஆனால் அது வாடகைக் கடை.]

போன மாதத்திலிருந்து நீலத் துணி கேட்டவர்களுக்குப் பச்சையை எடுத்துப் போடுகிறார். "கடை லைட் சரியில்ல மகள்" என்பார். ஸிஹாமா இரண்டு தடவை பல்பை மாற்றினாள். கோளாறு பல்பில் இல்லை என்று அவளுக்குத் தெரியும். கண் டொக்டரிடம் போவோம் என்றால், "பெருநாள் முடியட்டும்."

(கெமரா இருக்கும்போது கண் எதற்கு என்று கேட்பீர்கள். அந்த ஊர்ப் பள்ளிவாசலில் வெறுங்கண்ணால் கண்டவரின் சாட்சிதான் செல்லும், படம் செல்லாது. ஸிஹாமா படம் பிடிப்பது தன் ஆசைக்கு. வியாழனின் நான்கு நிலவுகளையும் மொட்டைமாடியிலிருந்து அவள் பிடித்தபோது, ஹாஜியார் அதைக் கடையில் வைத்து வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டினார். பார்க்காமல் யாரும் துணி வாங்க முடியவில்லை.)

4

சூரியன் இறங்கிப் பதினெட்டு நிமிடம். நோன்பு திறந்தாகிவிட்டது.

"அந்தா" என்றார் ஹாஜியார், மிகவும் அமைதியாக.

"எங்க வாப்பா?"

"அந்தச் சவுக்கு மரத்துக்கு நேர் மேல. மெல்லிசா, வளைஞ்சு."

அவர் விரல் நீட்டிய இடத்தில், விமானம் விட்டுப்போன புகைக்கோட்டின் துண்டு ஒன்று காற்றில் வளைந்து சிவந்து மிதந்தது.

கேட்டைத் திறந்துவிட வந்த தோட்டத்துக் காவல்காரர் தம்பையா கண்ணை இடுக்கிப் பார்த்தார். "எனக்கு ஒன்னும் தெரியலீங்க. அய்யாவுக்குப் பழகின கண்ணுங்க."

ஸிஹாமா எடுத்த படத்தைக் கெமராவின் சின்னத் திரையில் பெருக்கினாள். மரத்துக்கு வலப்பக்கம், நாலு விரற்கடை கீழே, நகம் வெட்டிப்போட்ட துண்டு மாதிரி ஒன்று. பிறை இருந்தது. தலையை நிமிர்த்தி அதே இடத்தைக் கண்ணால் பார்த்தாள். அங்கே வெறும் வானம்.

ஆக, பிறை உண்மை. வாப்பா கண்டது பிறையில்லை. இரண்டையும் அறிந்தவள் அந்த மலையில் அவள் ஒருத்திதான்.

"உன்ட பெட்டியில விழுந்திச்சா மகள்?"

"விழுந்திச்சு வாப்பா."

இது பொய்யில்லை. ஹாஜியார் சிரித்தார். அந்தச் சிரிப்பு ஒரு

அந்தச் சிரிப்பு, இத்தனை வருடம்

விட்டுவிடுகிறேன். அவளுக்கு அவர்மேல் கொள்ளைப் பிரியம். அது போதும்.

5

முடிவு அ. அவள் படத்தைக் காட்டி எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறாள். அவர் திரையைக் கண்ணோடு ஒட்டி வைத்துப் பார்த்துவிட்டு, "அப்ப நான் கண்டது?" என்று கேட்கிறார். அந்தக் கேள்விக்குப் பிறகு எனக்குக் கை ஓடவில்லை.

முடிவு ஆ. அவள் வாயே திறக்கவில்லை. ஊரெல்லாம் வட்டிலப்பம், புதுத்துணி. "கண் நல்லாத்தானே இருக்கு, பிறையே கண்டேனே" என்று அவர் டொக்டரிடம் போகவே மாட்டார். அடுத்த வருடம் பச்சையும் தெரியாமல் போகும். அந்த முடிவை எழுதி முடித்துவிட்டு, எனக்கே என்மேல் கோபம் வந்தது.

முடிவு இ. மூடுபனி வந்து மலையை மூடிவிடுகிறது. அப்புத்தளையில் எழுத்தாளனுக்கு இந்த ஒரு வசதி உண்டு. கோழைகளுக்கு உரியது, கிழித்துவிட்டேன்.

6

ஹாஜியாரின் சட்டைப் பையில் கைபேசி அடித்தது. பள்ளிவாசல் செயலாளர் முன்ஸிப்தான். ஹாஜியார் திரையில் பெருவிரலை அங்குமிங்கும் தேய்த்தார். பச்சை வட்டம் அகப்படவில்லை.

"நீ எடு மகள். வாப்பா கண்டாச்சுண்டு சொல்லு."

அவள் எடுத்தாள். முன்ஸிப்பின் குரலுக்குப் பின்னால் நிறையப் பேர் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பது தெரிந்தது.

"என்ன மாதிரி ஹாஜியார்? கண்டீங்களா?"

ஸிஹாமா வாய் திறந்தாள்.

இந்த இடத்தைப் பதினொரு தடவை எழுதிவிட்டேன். ஒவ்வொரு தடவையும் அவளுடைய முதல் சொல் "வாப்பா" என்றே வருகிறது. அதற்குப் பிறகு வருவதை நான் எழுதப் போவதில்லை, அது உங்கள் பொறுப்பு. உண்மையைச் சொல்ல வைப்பீர்களோ, மறைக்க வைப்பீர்களோ, உங்கள் விருப்பம். ஆனால் சொற்களைப் பார்த்துப் போடுங்கள். ஹாஜியார் அவள் தோளை ஒட்டித்தான் நிற்கிறார். மங்கியது கண் மட்டும்தான். காது அவருக்கு நன்றாகக் கேட்கும்.