சுண்டக் காய்ச்சிய தண்ணீர்

"கை பொறுக்குற சூடு போதும்டி, ரொம்பக் காய்ச்சாத!" என்று வாசலிலிருந்து அம்மா ராஜாம்பாள் குரல் கொடுத்தபோதும் சுலோசனா அடுப்பை அணைக்கவில்லை. நாற்பத்திரண்டு நாள் குழந்தையைக் கடைசியாகக் குளிப்பாட்ட வெந்நீர். முந்தாநாள் வரை அதே குழந்தைக்குப் பால்பவுடர் கலக்கத் தண்ணீர் காய்ச்சியதும் இதே பாத்திரத்தில்தான். வேறு பாத்திரம் எடுக்கலாம் என்று அந்த வீட்டில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

குழந்தை சுலோசனாவின் தம்பி வெற்றிவேலின் பிள்ளை. கூடத்தில் தம்பி மனைவி அன்புசெல்வி குழந்தையை மடியை விட்டு இறக்காமல் அரற்றிக்கொண்டிருந்தாள்.

"எங்க அண்ணி மாதிரி எவ பாத்துப்பா? எனக்குப் பால் பத்தலன்னதும் ஒரு சொட்டு பச்சத்தண்ணி காட்டலியே! நாலு தம்ளர ஒரு தம்ளரா, கஷாயம் மாதிரி சுண்ட வச்சுத்தானே அண்ணி குடுத்தீங்க? அப்புறமும் ஏன் அண்ணி போயிட்டான்?"

பதில் சுலோசனாவிடம் இருந்தது. பாழாய்ப்போன பதில்.

வீடு கட்டும்போதே வெற்றிவேல் போர் போட்டிருந்தான். பக்கத்திலேயே கக்கூஸ் தொட்டி. இருக்கிறதே அரை கிரவுண்டு, வேறெங்கே தோண்டுவது? அந்தத் தெருவில் எல்லா வீட்டிலும் அதே லட்சணம்தான். குழாய்த் தண்ணீர் உப்புக் கரித்தது, போர்த் தண்ணீர் இனித்தது. "பன்னீர் மாதிரி இருக்குல்ல" என்று வெற்றிவேல் வருகிறவர் போகிறவருக்கெல்லாம் ஒரு செம்பு நீட்டிப் பீற்றிக்கொள்வான்.

குழந்தையின் உதடும் நகமும் நீலம் பாய்ந்தபோது ராஜாம்பாள்தான் தோஷம் என்றாள். இரண்டு நாள் மந்திரித்தார்கள். அதற்கப்புறம்தான் கோரிமேட்டு ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ பிடித்தார்கள். ஊசியில் ஏறிய ரத்தம் கருப்பட்டிப் பாகு நிறத்தில் இருந்ததைப் பார்த்ததுமே டாக்டரம்மா, "எந்தத் தண்ணிம்மா குடுத்தீங்க?" என்று கேட்டாள். வெற்றிவேல் ஓ.பி. சீட்டு போட ஓடியிருந்தான். அன்புசெல்வி வெளியே மயங்கிக் கிடந்தாள். சுலோசனா மட்டும்தான் நின்றாள்.

"போர் தண்ணிதாங்க. ஆனா நல்லா சுண்டக் காய்ச்சி..."

"ஐயோ, கொதிக்க வச்சா கிருமிதாம்மா சாவும். இது நைட்ரேட், பச்சப்புள்ள ரத்தத்தையே கெடுத்துடும். கழிவும் உரமும் மண்ணுல எறங்கித் தண்ணில கலக்குறது. காய்ச்சுனா போகாது. தண்ணி சுண்டச் சுண்ட அது கூடிக்கிட்டேதான் போவும். ரெண்டு நாள் முன்னாடி தூக்கிட்டு வந்திருந்தாக்கூட மருந்து குடுத்துப் பாத்திருக்கலாம்மா."

விடியற்காலையில் எல்லாம் முடிந்துபோயிற்று.

பாடை கிடையாது, மேளம் கிடையாது. குளிப்பாட்டிய பிள்ளையை வெள்ளைத் துணியில் சுற்றி வெற்றிவேல் கையிலேயே ஏந்திக்கொண்டு ஆட்டோவில் ஏறினான். ஆண்கள் கருவடிக்குப்பத்துக்குப் புதைக்கப் போனதும் பெண்கள் வீட்டைக் கழுவிவிட்டு ஒவ்வொருத்தராகக் கலைந்தார்கள்.

மாடி போர்ஷனில் குடியிருக்கும் செந்தமிழ்ச்செல்வி மட்டும் போகவில்லை. இடுப்பில் மூன்று மாதப் பெண் குழந்தை, கையில் பால் பாட்டில். சமையலறைக்கு வந்து ரகசியமாகக் கேட்டாள்.

"அக்கா, இந்த நேரத்துல கேக்கக் கூடாது. எம் பொண்ணுக்கும் நீங்க சொல்லிக் குடுத்த மாதிரிதான் சுண்ட வச்சுக் கலக்குறேன். இத பாத்ததுலேர்ந்து நெஞ்சு பதறுது. இன்னும் கொஞ்ச நேரம் காய்ச்சட்டுமா?"

சுலோசனா பாட்டிலைப் பிடுங்கிப் பாத்திரம் கழுவும் தொட்டியில் கவிழ்த்தாள்.

"இந்தத் தண்ணி வேணாம்டி. குழாய்த் தண்ணி புடி, கேன் வாங்கு, என்னமோ பண்ணு. இத ஊத்தாத."

"காய்ச்சுனா ஒண்ணும் பண்ணாதுன்னு நீங்கதானக்கா சொன்னீங்க?"

கூடத்தில் அரற்றல் தேய்ந்துகொண்டிருந்தது. பேசினால் அன்புசெல்விக்குக் கேட்டுவிடும். சொல்லாவிட்டால் இந்தப் பைத்தியக்காரி மாடிக்குப் போய் இன்னும் அரை மணி நேரம் காய்ச்சுவாள். சுலோசனா அந்தப் பெண் குழந்தையின் உதட்டைப் பார்த்தாள். இன்னும் சிவப்பாகத்தான் இருந்தது.

"தப்பா சொல்லிட்டேன்டி" என்றாள், சத்தமாகவே. "காய்ச்சுனா அந்த விஷம் கூடுமாம். டாக்டரம்மா எங்கிட்டதான் சொன்னாங்க. நாந்தான்டி சுண்ட வச்சுச் சுண்ட வச்சுக் குடுத்தேன். நாந்தான். பொண்ண இப்பவே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போய்க் காட்டு, ஓடு!"

செந்தமிழ்ச்செல்வி பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தெருவுக்கு ஓடினாள். பாட்டில் தொட்டியிலேயே கிடந்தது.

கூடத்தில் அரற்றல் நின்றிருந்தது. அன்புசெல்வி சமையலறை நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எவ்ளோ நேரம் காய்ச்சுவீங்க?"

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் பேச்சில் வாய்க்கு வாய் வரும் 'அண்ணி' அதில் இல்லை.

"அரை மணி நேரம்" என்றாள் சுலோசனா.

வாசலில் ஆட்டோ வந்து நின்றது. புதைத்துவிட்டு வந்த ஆண்கள் குளித்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும் என்று யாரோ போர் மோட்டாரைப் போட்டுவிட்டார்கள். மொட்டைமாடித் தொட்டியில் தண்ணீர் விழத் தொடங்கியது. அன்புசெல்வி அடுப்பின் மேலிருந்த அதே பாத்திரத்தை எடுத்து சுலோசனாவின் காலடியில் வைத்தாள். பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.