பேதி உட்கார்ந்த பெஞ்சு

மிஷன் ஆஸ்பத்திரி சிஸ்டரின் ஜீப் மூன்றாவது முறையாக வந்துபோன வாரத்தில், ஊரில் எந்த வீட்டிலும் தங்க முடியாமல் போன பேதி, நேராக ஊசிக்காரர் கடைக்கு வந்து வாசல் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டது. ஒல்லியான ஆள், சட்டைக் காலர் எப்போதும் ஈரம், பேச்சில் அபார மரியாதை. சில நாள் கழித்துக் கொசுக்காய்ச்சல் போர்வையோடு வந்து சேர்ந்தது. அதற்கடுத்து வந்த சொறிக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாததால் பெஞ்சு சதா ஆடிக்கொண்டிருந்தது. தெருவில் போகிறவர்கள், வேலை போனவர்களைப் பார்க்கிற சங்கடத்தோடு முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவ்வளவுதான். பால்காரர் மட்டும் சைக்கிளில் ஒரு காலை ஊன்றி நின்று, "என்னண்ணே, கடையில கூட்டம் அமோகமா இருக்கு?" என்று விசாரித்துவிட்டுப் போனார்.

ஊசிக்காரர் டாக்டர் இல்லை, ஒரு டாக்டரிடம் பெட்டி தூக்கியவர். பெட்டியை டாக்டர் திரும்பக் கேட்காததால் தொழில் ஆரம்பித்தார். தலைவலிக்கு இடது கையில், வயிற்றுவலிக்கு வலது கையில், மனக்கஷ்டத்துக்கு இடுப்பில் என்று ஒரே ஊசியைப் பல வருடங்களாக ஊருக்குப் போட்டுவந்தார். ஊரும் சட்டையை மடித்துக்கொண்டு வரிசையில் நின்றது. அப்போதுதான் மிஷன் ஆஸ்பத்திரி ஜீப் வியாழக்கிழமைகளில் வரத் தொடங்கியது. அதிலிருந்து இறங்கிய சிஸ்டரிடம் ஊசி இல்லை, மாத்திரை இல்லை. கழுத்தில் ஒரு சிலுவை, கையில் ஒரு சோப்பு. மரத்தடியில் சின்னதாக ஒரு ஜெபம், பிறகு பாட்டு. படிக்கத் தெரியாதவர்களுக்காகப் பாடத்தையே பாட்டாக்கியிருந்தார். முதல் அடியில் ஆண்டவர் கடலை அடக்கினார், இரண்டாம் அடியில் உள்ளங்கை, மூன்றாவதில் நகத்திடுக்கு, கடைசி அடியில் பானைக்கு மூடி. பாட்டு முடியும்வரை கை கழுவ வேண்டும், பாட்டு முடியாமல் குழந்தையைத் தொடக்கூடாது. அதுதான் சட்டம். கொஞ்ச நாளில் ஊரே சோப்பு நுரையும் பாட்டுமாக ஆகிவிட்டது. கோயிலுக்குப் போகிறவர்களும் பாடினார்கள், எங்கேயும் போகாதவர்களும் பாடினார்கள். கைக்குத் தேவை பாட்டு முடிகிற நேரம்தானே.

கூட்டம் போனதைக்கூட ஊசிக்காரர் பொறுத்துக்கொண்டிருப்பார். அவர் நெஞ்சில் முள்ளாகக் குத்தியது வேறு. அவர் மனைவி வாயைத் திறந்தாலே "சிஸ்டர் சொன்னாங்க" என்று ஆரம்பித்தாள். குடத்தை உயரத்தில் வைக்கச் சொன்னாங்க, தேங்கின தண்ணியைக் கொட்டச் சொன்னாங்க. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் "நீங்க சொன்னீங்க" என்று அவள் ஒரு தடவையாவது சொல்லியிருக்கிறாளா என்று அவர் ஒரு பகல் முழுக்க யோசித்துப் பார்த்தார். சொல்லியிருந்தாள், தொலைந்த சாவியைப் பற்றி. வியாழக்கிழமைகளில் பாட்டு கேட்டதும் ரேடியோவைச் சத்தமாக வைத்தார். பிறகு சிஸ்டர் எங்காவது சுருதி தப்புகிறாரா என்று பார்ப்பதற்காக ரேடியோவைக் குறைத்தார். சிஸ்டர் தப்பவில்லை. அவருக்கு இன்னும் எரிந்தது.

"ஊசிக்காரன் வீட்டுலயே தண்ணி கொதிச்சா ஊரு என்னைப் பத்தி என்ன நினைக்கும்?" என்று மனைவியைத் தடுத்தார். அவரைப் பொறுத்தவரை கொதிக்கும் உரிமை ஊசிக்கு மட்டுமே உண்டு. அவள், அவர் கடையில் இருக்கும்போது தண்ணீரைக் கொதிக்கவைத்துப் பானையை மூடினாள். அவள் வெளியே போனதும் அவர் வந்து மூடியை எடுத்தார். இப்படி அந்த மூடி தினமும் ஏறி இறங்கியது. ஒரு வியாழக்கிழமை அவள் மரத்தடிக்குப் போன சமயம் பார்த்து, மூடியை எடுத்து அலமாரி உச்சியில் எறிந்துவிட்டு, கடைக்கு வந்து பேதியின் தோளில் கைபோட்டார்.

"தம்பி, ஒரு வேலை இருக்கு. ஊருக்குள்ள ஒரு சுத்து போயிட்டு வரணும்."

"உடனே போறேண்ணே. சும்மா உக்காந்து உக்காந்து இடுப்பு பிடிச்சிருச்சு" என்று பேதி சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு கிளம்பியது.

ஊசிக்காரர் உற்சாகமாக அடுப்பைப் பற்றவைத்து ஊசியைக் கொதிக்கப் போட்டார். இனி கைகள் வரும், இடதும் வலதும். ஆனால் வெயில் ஏறியபோது அழுகைச் சத்தம் தெருவிலிருந்து வரவில்லை, கடைக்குப் பின்னால் இருந்த அவர் வீட்டிலிருந்தே வந்தது. போய்ப் பார்த்தால், அவருடைய ஒரே மகள், இன்னும் பால்பல் விழாதவள், தரையில் துவண்டு கிடந்தாள். கண் உள்ளே போயிருந்தது, உதடு காய்ந்திருந்தது. தண்ணீர்ப் பானை அருகே பேதி தலையைக் குனிந்துகொண்டு நின்றது.

"மன்னிச்சுக்கங்கண்ணே. வீடு வீடாத்தான் போனேன். எல்லாத்துலயும் மூடி போட்டிருக்கு. தொறந்து கெடந்தது இது ஒண்ணுதான்."

அவர் ஓடிப்போய் ஊசியோடு திரும்பியபோது மனைவி வந்துவிட்டிருந்தாள். பானையைப் பார்த்தாள், அலமாரி உச்சியைப் பார்த்தாள், அவரைப் பார்க்கவில்லை. கொதித்து ஆறிய தண்ணீர் அடுக்களையில் ஒளித்துவைத்திருந்தாள் போலும். சிஸ்டர் சொன்னபடி ஒரு லிட்டருக்குத் தலைதட்டி ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு போட்டுக் கலக்கினாள். குழந்தையை மடியில் போட்டு, வாய் வாயாக ஊட்டத் தொடங்கினாள்.

"நான் பிடிச்சுக்கறேன், குடு" என்றார்.

"ஊசியை வெளிய வைங்க. கை கழுவுனீங்களா?"

"கழுவறேன்."

"பாட்டு தெரியுமா? தெரியாதுல்ல. அப்ப பிள்ளையைத் தொடாதீங்க."

ஊசிக்காரர் கொல்லைக்குப் போனார். சோப்பை எடுத்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு பாட ஆரம்பித்தார். ஓர் அடிகூட விட்டுப்போகவில்லை. சிஸ்டர் மூச்சு வாங்குகிற இடத்தில் மூச்சு வாங்கினார். அத்தனை வியாழக்கிழமைகளும் குறை கண்டுபிடிக்கக் காது கொடுத்தவருக்கு, பக்தியோடு கேட்டவர்களைவிட நன்றாகவே மனப்பாடம் ஆகியிருந்தது. அக்கம்பக்கத்து மதில்களுக்கு மேல் தலைகள் எழுந்தன. அவர் நிறுத்தவில்லை. நகத்திடுக்கு வரி வந்ததும் நகங்களை மறுபடி தேய்த்தார். அந்த அடியை மட்டும் இரண்டு தடவை பாடினார். பானை வரி வந்தபோது அலமாரி மேல் ஏறி மூடியை எடுத்துவந்து மூடினார், அதற்காக மறுபடி முதலிலிருந்து பாடிக் கழுவினார். மனைவி டம்ளரையும் ஸ்பூனையும் அவரிடம் நீட்டினாள். சாயங்காலம் குழந்தை மூத்திரம் போனாள். ஒரு மூத்திரத்துக்கு அந்த ஊரில் எந்த வீடும் அதற்குமுன் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. பேதி சொல்லிக்கொள்ளாமல் வெளியேறியது.

அடுத்த வியாழக்கிழமை பெஞ்சு காலியாக இருந்தது. ஊசிக்காரர் எட்டிப் பார்த்தார். மூன்று பேரும் மரத்தடியில், கடைசி வரிசையில், கையைக் கட்டிக்கொண்டு பாட்டு கேட்டுக்கொண்டிருந்தார்கள். இவர்களுமா சிஸ்டர் பக்கம் போய்விட்டார்கள் என்று அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கடையைச் சாத்திவிட்டு விறுவிறுவென்று நடந்தார். பேதி நகர்ந்து இடம் கொடுத்தது. சிஸ்டர் வரிசையாக எல்லாருடைய நகங்களையும் பார்த்துக்கொண்டே வந்தார். சொறியின் விரல்களைத் திருப்பிப் பார்த்து, "ரொம்ப சுத்தம், இப்படித்தான் இருக்கணும்" என்றார். ஊசிக்காரருடையதைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் அடுத்தவரிடம் போனார்.

அன்றிரவு அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அடுத்த வாரம் தொடங்கி, அந்த சிஸ்டர் மாற்றலாகி இன்னொருவர் வந்து அவரும் போன பிறகும்கூட, ஊசிக்காரர் ஒவ்வொரு வியாழக்கிழமையும் ஜீப் வருவதற்கு முன்பே நகம் தேய்த்து, சொறியைவிட ஒரு வரிசை முன்னால் போய் உட்கார்ந்துவிடுவார்.