பெயர்வுக்கான காரணம்

கீழே அரை அடி அறுத்துவிட்டார்கள், அதனால்தான் அந்தக் கதவு எங்கள் வீட்டு நிலையில் பொருந்தி நிற்கிறது, அறுத்த விளிம்பு இன்றைக்கும் சிராய் சிராயாகக் காலில் குத்தும், மேலே பச்சைப் பெயின்ற், பச்சைக்குக் கீழே நீலம், அந்த நீலம் எனக்குத் தெரிந்த நீலம், மிஸ்ரியா வீட்டு நீலம், பன்னிரண்டு வயதில் பள்ளிக்கூடம் போகும் ஒவ்வொரு காலையும் இரண்டு கையாலும் தட்டி, எடியே வாவன், மணி அடிக்கப் போகுது என்று நான் கத்திய நீலம், இருபத்தெட்டு வருடமாக இதை ஒருவரிடமும் சொன்னதில்லை, சொல்ல என்ன இருக்கிறது, கதவு கதவுதானே என்பா அம்மா, ஆனால் கொழும்பில், அந்த வகுப்பறையில், கதிரைகளை வட்டமாகப் போட்டு நாங்கள் பதினெட்டுப் பேர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்த முதல் நாள் காலையில், அது வந்து என் முழங்காலுக்கு முன்னால் நிற்கிறது, நாற்பத்தொரு வயதில் உனக்கென்ன முதுமாணிப் படிப்பு, அதுவும் முரண்பாட்டுத் தீர்வு, முதலில் வீட்டில் கொம்மாவோட இருக்கிற முரண்பாட்டைத் தீர் என்று கந்தோரில் கூட வேலைசெய்யும் எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், சிரித்துக்கொண்டே இரண்டு கிழமைக்கு ஒருக்கால் வெள்ளிக்கிழமை ரயில் ஏறினேன், ஏன் ஏறினேன் என்று கேட்டால் அப்போது ஒரு நல்ல பதில் வைத்திருந்தேன், உண்மையான பதில் இந்தக் கதவுதான்.

வகுப்பு ஆங்கிலத்தில், முதல் நாள் மட்டும் அவரவர் மொழியில் பேசலாம், மொழிபெயர்க்க ஒரு பெண் இருக்கிறாள், எங்கேயிருந்து வந்தீர்கள், ஏன் வந்தீர்கள், ஒரே வசனத்தில் சொல்லுங்கள் என்றா விரிவுரையாளர், ஒரே வசனமாம், எங்கள் நாட்டில் ஒரே வசனத்தில் எவன் கதைத்தான், மேஜர் விஜேகோன் முதலில் எழும்பினார், இராணுவத்தில் இருந்து ஓய்வுபெற்றவர், எழும்பத் தேவையில்லை என்று சொல்லியும் எழும்பி நின்றுதான் பேசினார், பதினொரு வருடம் வடக்கில் துப்புரவுப் பணியில் இருந்தேன், எதைத் துப்புரவாக்கினீர்கள் அப்பா என்று என் மகள் கேட்கிறாள், பதில் தேடி வந்தேன் என்று அவர் சிங்களத்தில் சொல்ல, மொழிபெயர்க்கிற பெண் துப்புரவு என்ற இடத்தில் கொஞ்சம் திக்கி, பிறகு அப்படியே சொன்னாள், அவருக்கு அடுத்தது ஹட்டனில் இருந்து வந்த மருதைவீரன், தோட்டத் தொழிற்சங்கக்காரர், எங்க தாத்தாகூடப் பொறந்தவங்க அஞ்சு பேருங்க, அஞ்சு பேரையும் கப்பல்ல ஏத்தி இந்தியாவுக்கு அனுப்பிட்டாங்க, பேப்பர்ல என்ன போட்டாங்க தெரியுமா, தாயகம் திரும்பியோர், அவங்க கண்ணால பாக்காத ஊருங்க அது, பாக்காத ஊருக்கு எப்பிடிங்க திரும்புறது, அதக் கேட்டுட்டுப் போவோம்னுதான் வந்தேன் என்று அவர் சொன்ன விதத்தில் வட்டம் முழுக்கச் சிரித்தது, மேஜரும் சிரித்தார், அடுத்தது நான். என் வசனத்தை நான் ரயிலிலேயே கட்டி வைத்திருந்தேன், நான் யாழ்ப்பாணம், பிரதேச செயலகத்தில மீள்குடியேற்றப் பிரிவில வேலை, எங்கட ஊரில தமிழ்ச் சனமும் முஸ்லிம் சனமும் ஒண்டாய்ச் சீவிச்சது, தொண்ணூறில முஸ்லிம் சனம் இடம்பெயர்ந்து போட்டுது, அவை திரும்பி வர வேலை செய்ய விருப்பம் என்றேன், சொல்லி முடித்ததும் நல்லாய்ச் சொன்னேன் என்றுகூட ஒரு நினைப்பு, தலையை நிமிர்த்தி அடுத்த கதிரையைப் பார்த்தேன்.

அடுத்த கதிரையில் கடுகு நிறத்தில் முக்காடு போட்ட ஒரு பிள்ளை, இருபத்தெட்டு வயதிருக்கும், நான் றமீஸா, புத்தளத்தில அகதி முகாமில பிறந்தனான், சொந்த ஊர் யாழ்ப்பாணம், ஒருநாளும் அங்க இருந்ததில்ல என்றாள், பிறகு என் பக்கம் திரும்பி, அக்கா, ஒண்டு சொல்லட்டா, இடம்பெயர்ந்தது நீங்க, தொண்ணூற்றஞ்சில, எங்கட ஆக்களைத் துரத்தினது, என்றாள், கோபமில்லை, குரல்கூட உயரவில்லை, பிழையான வீட்டு இலக்கத்தைத் திருத்திச் சொல்வது போல் சொன்னாள், மொழிபெயர்க்கிற பெண் இரண்டு சொல்லையும் சிங்களத்தில் தேடிக்கொண்டிருந்த அந்த நேரத்தில் எனக்குக் காது அடைத்தது, அவள் சொன்ன விஷயத்தினால் அல்ல, அதைவிட, அந்தப் பேச்சு, அந்த இழுப்பு, முகாமில் பிறந்த பிள்ளையின் வாயில் எங்கள் வீட்டுத் தெரு, எங்கள் ஒழுங்கை இருந்தது, மிஸ்ரியா இருந்தாள், ஐயோ, எத்தனை வருடம் நான் கேட்காத பேச்சு.

ஆனாலும் எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது, அட கோதாரி, முதல் நாளே எல்லாருக்கும் முன்னால் மானத்தை வாங்கிப்போட்டாளே என்று, தேநீர் இடைவேளையில் அவளைத் தேடிப் பிடித்து, தங்கச்சி, நாங்களும் பட்டனாங்கள்தான், துவக்கு வைச்சிருந்தவன் எங்களைக் கேட்டோ செய்தவன் என்றேன், ஓம் அக்கா, கேக்கேல்ல, அது எனக்கும் தெரியும், உங்களை நான் ஒண்டும் சொல்லேல்ல, உங்கட சொல்லைத்தான் சொன்னனான், இடம்பெயர்ந்தது எண்டா நாங்களா விரும்பிப் பெட்டி கட்டின மாதிரியெல்லோ கிடக்கு என்று சொல்லி, தன்னுடைய பிஸ்கட்டில் ஒன்றை எடுத்து என் கோப்பைத் தட்டில் வைத்தாள், அதோடு என் சண்டை முடிந்தது, வாய்தான் முடிந்தது, உள்ளுக்குள் முடியவில்லை, ஏனென்றால் அந்தச் சொல்லை நான் வாயால் சொன்னது ஒருதரம், கையால் எழுதியது எத்தனை ஆயிரம் தரம், எங்கள் படிவத்தில் ஏழாவது கட்டம், இடம்பெயர்வுக்கான காரணம், யுத்தம், இயற்கை அனர்த்தம், வேறு, மூன்று பெட்டி, அதில் ஒன்றுக்குச் சரி போட வேண்டும், முதல்முதல் முஸ்லிம் குடும்பங்கள் திரும்பிவரப் பதிய வந்த நாளில் வெள்ளைத் தொப்பி போட்ட ஒரு ஐயா படிவத்தைக் கிட்டப் பிடித்து வாசித்துவிட்டு, மகள், இதில எங்கட காரணம் இல்லையே என்றார், யுத்தம் எண்டு போடுங்கோ ஐயா, எல்லாம் ஒண்டுதானே, பின்னுக்கு வரிசை நிக்குது என்று நான்தான் சொன்னேன், அவர் போட்டார், நான் முத்திரை குத்தினேன், பழைய இடம்பெயர்ந்தோர் என்று எழுதிய கோப்பில் கட்டி வைத்தேன்.

இயக்கப் பெடியளின் ஒலிபெருக்கி ஒன்று தெருவால் போகிறது, அம்மா யன்னலை அடித்துச் சாத்துகிறா, எட்டிப் பாக்காத, உள்ள வா என்கிறா, தொண்ணூறாம் ஆண்டு ஒக்டோபர் மாதம், மழை வரும் போல் இருந்து வராத நாள், இரண்டு மணித்தியாலத்துக்குள் போய்விட வேண்டுமாம், ஆர், முஸ்லிம் சனம்தான், எங்கே, ஆருக்குத் தெரியும், நான் யன்னலை நீக்கி எட்டிப் பார்க்கிறேன், மிஸ்ரியாவின் உம்மா கைக்குழந்தையோடு போகிறா, வாப்பா வெறுங்கையோடு போகிறார், அவர் ஒருநாளும் வெறுங்கையோடு நடந்து நான் கண்டதில்லை, கையில் ஏதாவது ஒரு சுத்தியல், ஒரு திருகாணி, இருக்கும், மிஸ்ரியா பள்ளிக்கூடச் சட்டைக்கு மேல் இன்னொரு சட்டை போட்டிருக்கிறாள், அதற்கு மேல் இன்னொன்று, உடுப்பை உடம்பிலேயே கொண்டுபோகிறாள், குண்டாகத் தெரிகிறாள், எங்கள் வீட்டுப் பக்கம் பார்க்கிறாள், பார்த்தாளா, பார்த்தாள் என்றுதான் இவ்வளவு காலமும் நினைத்திருக்கிறேன், நான் கூப்பிடவில்லை, யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன், வாய் வரவில்லை என்று சொன்னால் பொய், வந்தது, பயத்தில் மூடிக்கொண்டேன்.

அடுத்த வருடம் ஷெல் விழுந்து எங்கள் முன்கதவு தூள், வாசலில் சாக்குத்தான் தொங்கியது, நாயும் கோழியும் வந்து போகும், ஒரு நாள் அப்பா மாட்டுவண்டியில் ஒரு கதவைக் கொண்டுவந்து இறக்கினார், ஆரோ விட்டிட்டுப் போனதாம் என்றார், நிலைக்கு நீளம் கூட, ஆசாரி வந்து கீழே அறுத்தார், நீல மரத்தூள் வாசலில் கொட்டியது, நான் பார்த்துக்கொண்டு நின்றேன், பார்த்த உடனே எனக்குத் தெரியும், கொண்டிக்குப் பக்கத்தில் மிஸ்ரியாவின் வாப்பா தகரம் வைத்து அடித்த ஒட்டு அப்படியே இருந்தது, தெரிந்தும் சொல்லவில்லை, ஏன் சொல்லவில்லை, இதைத்தான் நான் எந்த வசனத்திலும் கட்ட முடியாமல் இருந்தேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அதுதான், எங்கள் வீட்டுக்கும் ஒரு கதவு வந்துவிட்டது என்று சந்தோஷமாக இருந்தது, அவளை நினைத்து அழுதது அதற்குப் பிறகுதான். தொண்ணூற்றைந்தில் ஊரே எழும்பி வன்னிக்கு நடந்தபோது நாங்களும் நடந்தோம், திரும்பி வந்தபோது கூரை இல்லை, கிணற்றுக் கட்டு இல்லை, அந்தக் கதவு மட்டும் நின்றது, நான் அதில் முகத்தை வைத்து அழுதேன், வீட்டை நினைத்துப் பிள்ளை அழுகுது என்று அம்மா என் தலையைத் தடவினா, தடவட்டும் என்று விட்டேன்.

அந்தக் கொழும்பு நாட்களில் ஒரு கனவு அடிக்கடி வரும், ரயிலில் கண் அயர்ந்தாலும் வரும், கதவைத் திறக்கிறேன், அந்தப் பக்கம் எங்கள் முற்றம் இல்லை, வட்டமாகப் போட்ட கதிரைகள், மருதைவீரன் கப்பலுக்குக் கை காட்டுகிறார், மேஜர் தும்புத்தடியோடு நின்று தெருவைக் கூட்டுகிறார், கூட்டக் கூட்ட நீலத் தூள், ஒரு கதிரை வெறுமையாகக் கிடக்கிறது, அது ஆருக்கு என்று நான் கேட்கிறேன், விழித்தால் வவுனியா, தேத்தண்ணிக்காரன் கத்திக்கொண்டு போகிறான்.

மூன்றாம் மாதம் ஒரு சனிக்கிழமை மத்தியானம், மாமர நிழலில் சாப்பாட்டுப் பொதியை அவிழ்த்துக்கொண்டு, றமீஸாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், கதவு, நீலத் தூள், சந்தோஷம், ஒன்றையும் விடவில்லை, அவள் பிசைந்த சோற்றைப் பிசைந்தபடியே இருந்தாள், பிறகு இடது கையால் தொலைபேசியை எடுத்து, உம்மா, இந்தா, யாழ்ப்பாணத்து அக்கா ஒராள் கதைக்கிறா என்று என் காதில் வைத்தாள், உம்மா கேட்ட முதல் கேள்வி, எந்த ஒழுங்கை மகள், சொன்னேன், அவ்வளவுதான், அந்த மனுசி ஒழுங்கையின் முதல் வீட்டில் இருந்து தொடங்கினா, இது மீன் யாவாரி வீடு, இது மௌலவி வீடு, இதில குழாயடி, அங்கால லொறிக்கார ஹனீபா வீடு என்று ஒவ்வொரு வாசலாக என்னை நடத்திக்கொண்டு போய், நீலக் கதவு வீடு, இரும்புக்கடை முகைதீன்ட என்று சொல்ல, மிஸ்ரியா என்று நான் இடையில் கேட்க, மூத்தவள் மிஸ்ரியாவையா கேக்கிறீங்க, அவள் இப்ப கற்பிட்டியில, நம்பர் என்னட்ட இருக்கு என்றா, நான் அந்த இடத்திலேயே, வாயில் சோற்றோடு அழுதேன். றமீஸா தண்ணீர்ப் போத்தலைத் தந்து, எடுங்க அக்கா, கதைங்க, ஆனா மன்னிப்புக் கேக்க எண்டு எடுக்காதீங்க, கேட்டா அவங்க தரத்தான் வேணும், தராட்டி அவங்கதான் பொல்லாத ஆளாப் போவாங்க என்றாள், இதை எந்தப் புத்தகத்தில் படித்தாய் என்று கேட்டேன், முகாமுக்கு வாற ஆக்களைப் பாத்துப் படிச்சது என்றாள்.

பௌர்ணமிப் போயா விடுமுறை நாள், காலை பத்து மணி, அம்மா குசினியில் கீரை ஆய்கிறா, நான் முன் அறையில் கதவுக்குப் பக்கத்தில் தொலைபேசியோடு நிற்கிறேன், மூன்று தரம் எண்ணை அழுத்தி மூன்று தரம் வெட்டிவிட்டேன், நாலாம் தரம் அவள் எடுத்துவிட்டாள், ஹலோ, ஆரு, ஒரு பெரிய மனுசியின் குரல், பின்னால் தண்ணீர் மோட்டர் ஓடுகிறது, என் பெயரைச் சொன்னேன், அப்பாவின் பெயர், பள்ளிக்கூடம், வகுப்பு, ஒவ்வொரு நாளும் உன்னைக் கூட்டிக்கொண்டு போக வாறனான் என்றேன், மோட்டர் ஓடிக்கொண்டிருந்தது, குறை நினைக்காதீங்க, ஞாபகம் வருதில்ல, ஒரு பிள்ளை வாறது, ரெட்டைப் பின்னல், வசந்தியோ என்னவோ, நீங்க அவவா என்றாள், இல்லை, நான் அவளில்லை, எனக்கு அப்போது கட்டையாய் வெட்டின தலைமயிர் என்றேன், அவள், அங்கயிருந்து வந்த பிறகு கனக்க மறந்துபோச்சு, மறக்காட்டி இருந்திருக்கேலாது என்று சொல்லிவிட்டு, சொல்லுங்க, என்ன விஷயமா எடுத்தீங்க என்றாள், நீங்க, சொல்லுங்க, எடுத்தீங்க, ஒவ்வொன்றும் முகத்தில் அடித்தது, இருபத்தெட்டு வருடமாக நான் ஏங்கிய அந்த ஆளிடம் நான் இருக்கவே இல்லை, வைத்துவிடலாம் என்று வந்தது, பிழை எண் என்று சொல்லி வைத்துவிட்டால் யாருக்கும் ஒன்றும் இல்லை.

வைக்கவில்லை, உங்களைத் துரத்தின பிறகு, என்று தொடங்கினேன், அந்தச் சொல் என் வாயில் முதல் தரம், உங்களைத் துரத்தின பிறகு உங்கட வீட்டுக் கதவு எங்கட வீட்டுக்கு வந்தது, எனக்குத் தெரியும் அது உங்கடை எண்டு, தெரிஞ்சும் நான் சொல்லேல்ல, இப்பவும் எங்கட வாசலிலதான் நிக்குது, உங்களுக்கு வேணுமெண்டா கழட்டி அனுப்புறன் என்றேன். மோட்டர் நின்றது, யாரோ நிறுத்தினார்கள், அல்லது அவளே எழும்பிப் போய் நிறுத்தினாள், நீலக் கதவா என்று கேட்டாள், ஓம், இப்ப மேல பச்சை, வாப்பா தகரம் அடிச்சதா, ஓம், இருக்கு, கீழ அரையடி அறுத்துப்போட்டம், எங்கட நிலை கட்டை, ம், என்றாள், வாப்பா போன வருசம் மௌத்தாப் போயிட்டார், கடைசி நாளில கொண்டி போட்டாச்சா, கொண்டி போட்டாச்சா எண்டு கேட்டுக்கொண்டே இருந்தார், எந்தக் கொண்டி எண்டு எங்களுக்கு விளங்கேல்ல, என்றாள், பிறகு மெல்ல, ஒருக்காத் திறந்து காட்டுங்க, சத்தத்தை மட்டும் கேக்கிறன் என்றாள்.

தொலைபேசியைக் கொண்டிக்குக் கிட்டப் பிடித்தேன், கொண்டியை இழுத்தேன், தகரத்தில் உரசிக்கொண்டு அது விலகியது, கதவைத் திறந்தேன், வெயில் உள்ளே விழுந்தது, மூடினேன், திரும்பக் கொண்டி போட்டேன், ஆர் பிள்ளை வந்திருக்கினம் என்று அம்மா குசினியில் இருந்து கேட்டா, நான் தொலைபேசியைக் காதில் வைத்தேன், அந்தப் பக்கம் அவள் அழுகிறாளா, தெரியவில்லை, மிஸ்ரியா, என்றேன்.

இன்னொருக்காத் திறவடி, என்றாள்.