புகைப்பிறையாருக்கு ஒரு சாட்சி தேவை

1.

பழைய அலுமாரியொன்றைத் துப்புரவாக்கும்போது அகப்பட்ட படத்திலிருந்து இந்தக் கதை பிறந்தது என்று எழுதத்தான் ஆசை. உண்மை அவ்வளவு அழகாக இல்லை. திருகோணமலையில் ஒரு பல் வைத்தியரிடம் என் முறைக்காகக் காத்திருந்தபோது அட்டை கிழிந்த விஞ்ஞானச் சஞ்சிகை ஒன்று கைக்கு வந்தது. 1979 மார்ச்சில் வியாழனைக் கடந்துபோன வொயேஜர் விண்கலத்தைப் பற்றிய பக்கம். கலம் எந்த இடத்தில் நிற்கிறது என்று கணக்குப் பார்க்கும் பிரிவில் ஒரு பெண் வேலை செய்திருக்கிறாள். பின்னாலிருக்கும் மங்கல் நட்சத்திரங்களைத் தேடி, ஒரு படத்தின் வெளிச்சத்தைக் கூட்டியிருக்கிறாள். வியாழனின் நிலவுகளில் ஒன்றான அயோவின்* விளிம்புக்கு வெளியே ஒரு பிறை தெரிந்ததாம்.

பிறை! கிண்ணியாவில் பிறந்தவனிடம் அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டுச் சும்மா இரு என்றால் எப்படி இருப்பது? பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்த அன்றே எழுதத் தொடங்கினேன். முதல் பந்திகளில் கொஞ்சம் வீக்கம் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

(* அயோ என்றுதான் எழுதவேண்டுமாம். பல் பிடுங்கிய கை வேறு மாதிரி எழுதப் பார்க்கிறது.)

2.

எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

"பூமியிலிருந்து அறுபது கோடி கிலோமீற்றருக்கும் அப்பால், இருளில், தன்னந்தனியாக..." வேண்டாம். அங்கே எனக்கு ஒருவரையும் தெரியாது.

"மாலைக் கதிரவன் தன் பொற்கரங்களால் தம்பலகாமக் குடாவை" (இதை எழுதியவனுக்கு இன்னும் இரண்டு பல் பிடுங்கலாம்.)

"பரீனா ஒரு பகிடிக்காரி."

இது பரவாயில்லை. இதைப் பிடித்துக்கொண்டு போகலாம்.

3.

பரீனா ஒரு பகிடிக்காரி. கிண்ணியாவில் விஞ்ஞானம் படிப்பிக்கும் ரீச்சர். ஆளைப் பார்த்த மாத்திரத்தில் பட்டப்பெயர் வைப்பாள், அந்தப் பெயர் ஆயுசுக்கும் ஒட்டிக்கொண்டிருக்கும். அவளுடைய அக்காவின் புருசன் ஆதம்பாவா, துறையில் பாதை ஓட்டுகிறவர். (வெளியூர் வாசகருக்கு: பஸ்ஸையும் ஆட்களையும் ஏற்றி அக்கரை சேர்க்கும் தட்டையான மிதவைக்குத்தான் எங்கள் பக்கத்தில் பாதை என்று பெயர்.) பிறை பார்ப்பதில் அவரை அடிக்க ஆளில்லை. கிழக்குக் கரையில் இருப்பவர்களுக்கு மேற்கே நீர்வெளி கிடைப்பது அபூர்வம். கிண்ணியாவுக்குத் தம்பலகாமக் குடா இருக்கிறது. அதன் கரையில் நின்று ஆதம்பாவா கையை நீட்டினால் அங்கே பிறை இருக்கும், அவ்வளவுதான்.

1978இல், நோன்பு இருபத்தொன்பதன் மாலையிலும் கையை நீட்டினார். (அந்த வருசம் அப்படியொன்றும் நடக்கவில்லை. நான்தான் நடத்திவைக்கிறேன், கிண்ணியா என்னை மன்னிக்கவேண்டும்.) அன்று பிறை கண்டால் மறுநாள் பெருநாள், காணாவிட்டால் இன்னுமொரு நோன்பு. பெருநாள் பிறைக்கு இரண்டு பேர் சாட்சி சொல்லவேண்டும். தேத்தண்ணிக்கடைத் தாஹிர் தானும் கண்டதாகப் பள்ளிவாசலில் சொன்னார். விடிந்ததும் ஊர் பெருநாள் கொண்டாடியது. வட்டிலப்பம் தின்று முடிந்த பிறகு, தம்பலகாமத்திலிருந்து நெல் ஏற்றிவந்த டிரக்டர்க்காரர் ஒரு செய்தி சொன்னார். முதல்நாள் பின்னேரம் வயலில் வைக்கோல் கொளுத்தினார்களாம். புகை வளைந்து மேலே போய், வெயில் பட்டு மினுங்கியதாம். அன்று மாலை மேற்கே தெரிந்த பிறையும் அப்போதுதான் பிறந்ததுபோல நூலாக இருந்தது.

தாஹிரைப் பிடித்துக் கேட்டார்கள். அவர் எதையும் காணவேயில்லை. ஆதம்பாவாக் காக்கா கண்டால் கண்டதுதானே என்று நினைத்தாராம். (காக்கா என்றால் எங்களுக்கு அண்ணன்.) அந்த இடத்தில் ஊரில் வேறு யார் நின்றிருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள், நானும் கூட.

ஒருநாள் முந்திப்போன பெருநாளுக்கு ஈடாக ஊர் முழுக்க ஒரு நோன்பைக் களாவாகப் பிடித்தது. அன்று குசினியில், அடுப்புக்கு முன்னால், பரீனா சிரித்துச் சிரித்துச் சொன்ன ஒரு பெயர், பொழுதுபடுவதற்குள் பாதையேறி அக்கரைக்கும் போய்விட்டது. புகைப்பிறையார்.

4.

இவ்வளவு எழுதிய பிறகு எனக்குச் சந்தேகம் பிடித்துக்கொண்டது. இப்படிப்பட்ட ஒருத்தியை வாசகருக்குப் பிடிக்குமா? அவளைக் கொஞ்சம் நல்லவளாக்கலாமா? ஆக்கத் தேவையில்லை என்று பிறகு தெரிந்தது. அவளாகவே ஆனாள்.

ஆதம்பாவா அதற்குப் பிறகு எந்த மாதப் பிறைக்கும் கரைக்குப் போகவில்லை. மழை வருமா என்று பயணிகள் கேட்டால் தெரியாது என்பார். காற்று எந்தப் பக்கம் என்றாலும் அதே பதில். ஒருநாள் அக்கா அரிசி களைந்துகொண்டே தங்கச்சியிடம் சொன்னாள்: "கறிக்கு உப்புக் காணுமா எண்டு கேட்டாலும் தெரியாது எண்டுறார். அவர்ர நாக்கில அவருக்கே நம்பிக்கையில்ல."

பரீனா அக்காவின் கையிலிருந்த அரிசியை வாங்கித் தானே களைந்தாள். பெயர் வைக்கத் தெரிந்தவளுக்கு, வைத்ததைத் திருப்பி எடுக்கும் வழி தெரியவில்லை. அந்த மனுசன் மறுபடி ஒருதரம் கையை நீட்டவேண்டும். அவளுக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

(இங்கே ஒரு கனவுக் காட்சி இருந்தது. எடுத்துவிட்டேன்.)

அடுத்த நோன்பு வந்து இருபத்தைந்தும் கழிந்தபோது, அமெரிக்காவிலிருந்து அவளுக்கு ஒரு தபாலுறை வந்தது. வகுப்புக்குக் காட்ட விண்கலப் படங்கள் அனுப்பச் சொல்லிச் சித்திரையில் எழுதிய கடிதத்துக்குப் பதில். மேலே இருந்த படத்தைப் பார்த்து, கூட வந்த தாளையும் வாசித்தவள், ஒரு காலில் தன் செருப்பும் மறுகாலில் அக்காவின் செருப்புமாகத் துறைக்கு ஓடினாள்.

5.

அவள் நேரே பாதையில் ஏறினாள். படத்தை நீட்டினாள். ஆதம்பாவா இயந்திர எண்ணெயைச் சாரனில் துடைத்துவிட்டு, படத்தைக் கையெட்டும் தூரத்தில் பிடித்து, வெளிச்சத்துக்குத் திருப்பினார்.

"இது பிறையில்ல," என்றார்.

பதினொரு மாதத்தில் முதல்தடவையாகத் தெரியாது என்று சொல்லாமல் ஒன்றைச் சொல்லியிருக்கிறார். எப்படிச் சொல்கிறீர்கள் என்று பரீனா கேட்டாள்.

"பிறை நுனிக்குப் போகப் போக மெலியும். இது குடை மாதிரி விரிஞ்சு கிடக்கு. புகை. எனக்குத் தெரியாத புகையா? எவன் வைக்கோல் கொளுத்தினவன்?"

பரீனாவுக்கு வந்த சிரிப்பில் பாதையின் கம்பியைப் பிடித்துக்கொள்ளவேண்டியிருந்தது. பஸ்ஸுக்குள் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவள் சிரிப்பும் மூச்சுமாகச் சொன்னாள். அமெரிக்காவில் அந்தப் பெண்ணும் முதலில் பிறை என்றுதான் கண்டாளாம். கமறாவில் பிழையோ, அயோவுக்குப் பின்னால் இன்னொரு நிலவு எட்டிப்பார்க்கிறதோ என்று ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார்களாம். கடைசியில் அது எரிமலையாம், முந்நூறு கிலோமீற்றருக்குக் கிட்ட உயரம் கக்குகிறதாம். பூமிக்கு வெளியே கக்கிக்கொண்டிருக்கும் எரிமலையை மனுசர் கண்டது அதுதான் முதல்தடவையாம். அவர்களுக்குச் சில நாள் பிடித்தது, மச்சானுக்கு அரை நிமிடம்.

ஆதம்பாவா எல்லாவற்றையும் கேட்டார். பிறகு ஒன்றே ஒன்று கேட்டார்.

"அந்தப் புள்ளைக்கும் ஊரில பேர் வச்சாங்களா?"

சிரிப்பு நின்றுவிட்டது. (இந்த இடத்தில் பரீனா அழுவதாக எழுதியிருந்தேன். அவள் மறுத்துவிட்டாள்.)

"இல்ல மச்சான். கண்டத ஒளிக்காமச் சொன்னாள் எண்டு கொண்டாடினாங்க. உங்களுக்குப் பேர் வச்சது நான்தான்."

"தெரியும்," என்றார் ஆதம்பாவா. "தாஹிருக்கு அவ்வளவு மூளையில்ல."

6.

அந்த இருபத்தொன்பதன் மாலை ஆதம்பாவா கரைக்கு வந்தார். எனக்குச் சந்தோசத்தில் எழுத்து ஓடவில்லை. ஊர் விலகி வழிவிடுகிறது, ஒருவரும் அந்தப் பெயரைச் சொல்லவில்லை. சூரியன் இறங்கி, பேரீச்சம்பழம் வாய்க்குள் போய், பள்ளிவாசலில் பாங்கும் சொல்லி முடிந்தது. தம்பலகாமப் பக்கம் புகையில்லை. அதை அவரே இரண்டு தடவை பார்த்துக்கொண்டார். பிறகு கையை நீட்டினார்.

"நான் கண்டனான்."

எல்லோரும் தாஹிரைப் பார்த்தார்கள். தாஹிர் கண்ணைச் சுருக்கி, விரித்து, வியர்த்து, கடைசியில் சொன்னார்: "காக்கா, அல்லாஹ் அறிய நான் காணல்ல." ஆதம்பாவா அவருடைய தோளில் தட்டிக்கொடுத்தார். போன வருசம் சொல்லவேண்டியதைத் தாஹிர் இந்த வருசம் சொல்லிவிட்டார்.

இனி என்ன செய்வது? கொழும்பிலிருந்து வானொலி பிறையை அறிவித்தது என்று முடிக்கலாம். ஊருக்குப் பெருநாள் கிடைக்கும், அவருக்கு ஒன்றும் கிடைக்காது. பரீனா கண்டாள் என்று முடிக்கலாம். அவளும் பார்த்துக்கொண்டுதான் நிற்கிறாள், மூக்குக்கண்ணாடியை நாலு தரம் துடைத்துவிட்டாள், ஆனால் மச்சானுக்காக ஒரு பொய்யும் சொல்லமாட்டாள் என்று அவள் முகத்தில் எழுதியிருக்கிறது. நான் சாட்சி சொல்லலாமே என்பீர்கள். ஏலாது. ஆதம்பாவா கண்டால் எனக்குக் கண்டதுதான். நான் இன்னொரு தாஹிர்.

ஆகவே நீங்கள்தான். கெதியாக வாருங்கள், அது அதிக நேரம் நிற்காது. அவருடைய விரலைப் பாருங்கள், பிறகு விரலை விடுங்கள். குடாவுக்கு அப்பால் தெரியும் மலைக்கு மேலே, சூரியன் போன இடத்துக்குக் கொஞ்சம் இடதுபக்கம். நுனி மெலிகிறதா என்று பாருங்கள். காணாவிட்டால் காணவில்லை என்று சொல்லுங்கள், அவர் கோபிக்கமாட்டார்.

ஆதம்பாவா கையை இறக்கவில்லை. திரும்பி உங்களைப் பார்க்கிறார்.