நொட்டாங்கைக்காரியின் கையெழுத்து

இருபத்து மூன்று புத்தகங்களுக்குப் படம் போட்டுவிட்டாள் ஹெஸ்டர் பென்னாக். ஒன்றில்கூட அவள் பெயர் கிடையாது. ஒன்பது வருஷமாக ஃபிலடெல்ஃபியாவில் பாதிப் பிள்ளைகள் அவள் வரைந்த வாத்தையும், மழைக்கோட்டு போட்ட தவளையையும் பார்த்துவிட்டுத்தான் தூங்கப் போகிறார்கள். யார் வரைந்தது என்று கேட்டால் ஒருத்தருக்கும் தெரியாது. கதை எழுதியவர் பெயர் மட்டும் அட்டையில் கொட்டை எழுத்தில் இருக்கும். படத்தின் மூலையில் அவள் போடும் கையெழுத்தை, அச்சுத் தகடு செய்கிற ஓட்டோ ரீகல் பொறுப்பாகச் சுரண்டி எடுத்துவிடுவார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, பதிப்பகத்து உத்தரவு அப்படி.

லங்காஸ்டரில் வாழ்க்கைப்பட்ட அக்கா தாபிதா ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் புதுப் புத்தகத்தைப் புரட்டிவிட்டு அதே கேள்வியைக் கேட்பாள். “நீதான் வரைஞ்சேன்னு எப்படிடி நம்புறது? எவளோ பெத்த பிள்ளையைத் தூக்கிட்டு வந்து என் பிள்ளைன்னா ஆச்சா?”

சிரித்துக்கொண்டுதான் கேட்பாள். ஆனாலும் ஹெஸ்டருக்குச் சுருக்கென்று தைக்கும்.

1908-ஆம் வருஷம் பதிப்பாளர் ஹாலோவெல் ஒருவழியாக மனம் இரங்கினார். “இந்தப் புத்தகத்துல முகப்புப் படத்துல உங்க கையெழுத்து இருக்கட்டும், மிஸ் பென்னாக்” என்றார். அன்றைக்கு மதியம் சாப்பிட மறந்துபோனது ஹெஸ்டருக்கு மறுநாள்தான் நினைவு வந்தது.

ஆறு வாரம் உட்கார்ந்து அந்தப் படத்தைப் போட்டாள். ஒரு சின்னப் பெண் குந்தியிருந்து வெள்ளைச் சுவரில் கரித்துண்டால் பூனை வரைகிறாள். நிஜப் பூனை பின்னால் உட்கார்ந்து, ‘இதுவா நான்?’ என்கிற மாதிரி பார்க்கிறது. அவள் ஆயுசில் போட்டதிலேயே நல்ல படம். மூலையில் அழகாகக் கையெழுத்துப் போட்டு எடுத்துக்கொண்டு போனாள்.

ஹாலோவெல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். படத்தை வாங்கிப்போக வந்த ஓட்டோ, ஓரமாக நின்று ப்ரெட்ஸெல் தின்றுகொண்டிருந்தார்.

“எல்லாம் சரி. இந்தப் பொண்ணு எந்தக் கையால வரையிறா?” என்று கேட்டார் ஹாலோவெல்.

ஹெஸ்டர் குனிந்து பார்த்தாள். நொட்டாங்கை. ஆறு வாரமாக அவள் கண்ணில் அது படவே இல்லை. தனக்கு எது இயல்போ அதுதானே கையில் வரும்.

“கண்ணாடி முன்னால நின்னு உங்களையே பார்த்துப் போட்டீங்களா? படம் போடறவங்க நிறையப் பேரு அப்படித்தான் ஏமாந்து போறாங்க.”

“இல்லைங்க. நானே நொட்டாங்கைக்காரிதான்.”

ஹாலோவெல் கெட்டவர் இல்லை, பயந்தவர். அவர் புத்தகங்களில் பாதி பள்ளிக்கூடங்களுக்குப் போகின்றன. அங்கே இடது கையால் எழுதுகிற பிள்ளைக்கு அந்தக் கையைத் துணியால் கட்டிவிடுவார்கள். “புத்தகத்துலயே இப்படிப் போட்டா நாங்க எப்படிப் பிள்ளைங்களைத் திருத்துறதுன்னு டீச்சருங்க சண்டைக்கு வருவாங்க” என்றார்.

“இதுக்கு ஏன் மண்டையை உடைச்சுக்கறீங்க?” என்றார் ஓட்டோ. “தகடு எடுக்கறப்ப படத்தை இடவலமாத் திருப்பிட்டாப் போச்சு, பொண்ணு சோத்தாங்கைக்காரி ஆயிடுவா. பேரும் திரும்பிடும், அதைச் சுரண்டிட்டு அம்மா நேரா ஒண்ணு எழுதித் தரட்டும். சுரண்டறதுல நம்மளை மிஞ்ச ஆள் இல்ல.”

சரி என்று சொல்லியிருக்க வேண்டியவள்தான். பெயரும் நிற்கும், தாபிதா வாயும் அடையும். ஆனால் வாயைத் திறந்தபோது வந்தது வேறு. “கையை மாத்த வேண்டாம்.”

ஏழு வயதில் அவள் இடது கையால்தான் எழுதினாள். எழுத்துகள் வலமிருந்து இடமாக, கண்ணாடியில் தெரிகிற மாதிரி திரும்பித் திரும்பி வரும். வகுப்பே சிரிக்கும். ஒருநாள் டீச்சர் அடித்த அடியில் அளவுகோல் அவள் விரல் முட்டியிலேயே முறிந்தது. அன்றோடு எழுத்து வலது கைக்குப் போயிற்று. படம் மட்டும் இடது கையிலேயே தங்கிவிட்டது, படத்தை யார் சட்டை செய்தார்கள்? தன்னைப் போல ஒரு பெண்ணை எந்தப் புத்தகத்திலும் அவள் பார்த்ததில்லை.

ஹாலோவெல் பெருமூச்சு விட்டார். “சரி, கை இருக்கட்டும். ஆனா பேரை எடுத்துடணும். புகார் வந்தா, ‘தகட்டுல படம் திரும்பிப் போச்சு, மன்னிக்கணும்’னு நான் எழுதித் தப்பிச்சுக்குவேன். பேரு நேரா இருந்தா அந்தப் பொய் நிக்காது.”

“பழி என் மேலயா?” என்றார் ஓட்டோ. “என் தலையிலதான் மிளகாய் அரைக்கணுமா?”

கையா, பேரா. ஹெஸ்டர் படத்தை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போனாள். அழுகை வந்தது, கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஒன்பது வருஷம் காத்திருந்து கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல் போகிறதே. அப்போதுதான் ஹாலோவெல் சொன்ன வார்த்தை மனதில் திரும்ப ஓடியது. படம் திரும்பிப் போச்சு. படம் திரும்பினால் பெயரும் சேர்ந்து திரும்பியிருக்க வேண்டுமே.

“ஓட்டோ, உங்க சுரண்டற கத்தியைக் கொடுங்க.”

“சுரண்டறது என் வேலையாச்சே அம்மா.”

அவளே சுரண்டினாள். வெள்ளை பூசிக் காயவிட்டாள். பிறகு தூரிகையை இடது கையில் பிடித்து, வலமிருந்து இடமாகத் தன் பெயரை எழுதினாள், ஏழு வயதில் எழுதிய அதே மாதிரி. இருபத்தாறு வருஷம் ஆகியும் கை மறக்கவில்லை. ஒரு எழுத்தில்கூடத் தடுமாறவில்லை.

ஹாலோவெல் படத்தை வாங்கிப் பார்த்தார். மெல்லச் சிரிப்பு வந்தது அவருக்கு. “இதைப் பார்த்தா எவனும் ஓட்டோ தப்புன்னுதான் சத்தியம் பண்ணுவான்.”

“நாப்பது வருஷத் தொழில்” என்றார் ஓட்டோ. “அம்மா பேரை எத்தனை தடவை சுரண்டியிருக்கேன். அந்தப் பாவத்துக்கு மானம் போனாப் போகட்டும்.”

புத்தகம் கிறிஸ்துமஸுக்கு முன்னால் வந்துவிட்டது. டீச்சர்களிடமிருந்து பதினோரு புகார். எல்லோருக்கும் ஹாலோவெல் ஒரே பதிலை எழுதினார். தாபிதா புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு கண்ணாடி முன்னால் போனாள், வெகுநேரம் அங்கேயே நின்றாள். “அடி கள்ளி” என்றாள். அந்த வருஷம் கேள்வி வரவில்லை.

மார்ச் மாதம் ஒஹையோவிலிருந்து ஹெஸ்டருக்கு ஒரு கடிதம் வந்தது. பென்சில் எழுத்து, எழுதிய இடது கை மேலே உரசி வரிகளெல்லாம் கலங்கியிருந்தன.

“அன்புள்ள மிஸ் ஹெஸ்டர் பென்னாக், எங்க அம்மா கண்ணாடியில புத்தகத்தைக் காட்டி உங்க பேரைக் கண்டுபிடிச்சேன். ஆனா கண்ணாடியில அந்தப் பொண்ணும் மத்தவங்க மாதிரி வலது கைக்காரி ஆயிடறா. அதனால உங்க பேரை ஒரே ஒரு தடவைதான் படிச்சேன். கோவிச்சுக்காதீங்க.”