பிரிப்பு மேஜையில் என் ஓர்ப்படி

வீட்டில் நான் சின்ன மருமகள். சலவைக்கூடத்தில் நான் இன்சார்ஜ். இந்த இரண்டும் ஒரே ஆளுக்கு ஒத்துவருமா என்று யாராவது முன்பே கேட்டிருந்தால், பதவியை அன்றைக்கே திருப்பிக் கொடுத்திருப்பேன். ஏனென்றால் என் ஓர்ப்படியும், அதாவது வீட்டின் மூத்த மருமகளும், அதே கூடத்தில்தான் பதினோரு வருடமாக வேலை செய்கிறாள். நான் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

எங்களுடையது ஆஸ்பத்திரித் துணிகளை வெளுக்கும் இடம். மூட்டை மூட்டையாக வரும் விரிப்புகளையும் அங்கிகளையும் மெஷினில் போடுவதற்கு முன் நீளமான மேஜையில் கொட்டி உதறிப் பார்க்க வேண்டும். கத்தரிக்கோல் வரும், ஊசி வரும், ஒருமுறை யாருடைய பல்செட்டோ வந்தது. அதனால் தடித்த கையுறை இல்லாமல் மேஜைப் பக்கமே வரக் கூடாது. அக்கா மட்டும் போடமாட்டாள். விரலுக்குத் தெரியாதது கையுறைக்கா தெரியப்போகிறது என்பது அவள் கட்சி. மேனேஜரே ஒருமுறை சொல்லிப் பார்த்து, அவள் பார்த்த பார்வையில் வேறு வேலை ஞாபகம் வந்து போய்விட்டார்.

அதுவரை அங்கே ஒரு பெண்கூட இன்சார்ஜ் ஆனதில்லை. மூன்று மாதம் பார்ப்போம் என்றுதான் எனக்குக் கொடுத்தார்கள். கடைசி நாளில் கூடத்து ஆட்களையெல்லாம் நிறுத்தி, இன்சார்ஜையும் எதிரே வைத்துக்கொண்டு, இவர் சொன்னால் கேட்பீர்களா என்று மேனேஜர் கேட்பது அங்கே வழக்கம். அவர்கள் தயங்கினால் பதவி போச்சு. துணி உலர்த்தும் மெஷினைப் பார்த்துக்கொள்ளும் டிரையர்காரர், அடுத்த இன்சார்ஜ் தான்தான் என்று மீசையைத் தடவிக்கொண்டு அந்த நாளுக்காகக் காத்திருந்தார்.

அக்காவிடம் நேராகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. காலையில் அடுப்பைக் குறை, பாத்திரத்தை மூடு என்று என்னை விரட்டுகிறவளிடம், ஒன்பது மணிக்கு மேல் எப்படி அதிகாரம் பண்ணுவது? ஆகவே ரொம்பப் புத்திசாலித்தனமாக ஒன்று செய்தேன். லாரியிலிருந்து மூட்டைகள் இறங்கும்போதே ஆபரேஷன் தியேட்டர் மூட்டைகளை மற்றவர்கள் பக்கம் தள்ளிவிட்டு, ஊசி வர வாய்ப்பில்லாத வார்டு விரிப்புகளை மட்டும் அக்காவுக்கு ஒதுக்கினேன். யாருக்கும் தெரியாது என்று நினைத்தேன். எல்லோருக்கும் தெரிந்திருந்தது. சீக்கிரமே இன்னும் இரண்டு பேர் கையுறையைக் கழற்றினார்கள். ஏன் என்று கேட்டால் அக்காவைத் திரும்பிப் பார்த்தார்கள்.

எட்டாவது வாரம், வார்டு மூட்டைக்குள் தியேட்டர் அங்கி ஒன்று கலந்து வந்துவிட்டது. அக்கா அதை உதறினாள். தையல் போடுகிற வளைந்த ஊசி ஒன்று தெறித்து, அவள் சட்டையின் கைவிளிம்பில் மாட்டிக்கொண்டு தொங்கியது. மணிக்கட்டுக்கு ஒரு விரற்கடை தூரம்தான்.

ஊசியை இடுக்கியால் எடுத்துப் பெட்டியில் போட்டேன். பயம் தணிந்ததும் கோபம் வந்தது, அவள் மேல் பாதி, என் மேல் பாதி. கோபம் வந்தால் என் குரல் கீச்சென்று ஆகிவிடும் என்று வீட்டில் கிண்டல் செய்வார்கள். அன்றும் கீச்சென்றுதான் வந்தது. வந்ததே பெரிது.

"அக்கா, மேஜைய விட்டுத் தள்ளி நில்லுங்க. இந்த வாரம் பூரா மடிக்கிற பக்கம் போங்க. கிளவுஸ் போட்டாத்தான் இனிமே இங்க வரணும்."

அதோடு விடவில்லை. அவளுக்காக மூட்டைகளைப் பொறுக்கி ஒதுக்கியது நான்தான், அது என் தப்பு, இனி வருகிற வரிசைப்படிதான் எல்லோருக்கும் என்று அத்தனை பேர் முன்னாலும் சொன்னேன். கழற்றிய இருவரும் சத்தமில்லாமல் கையுறையை மாட்டிக்கொண்டார்கள். அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு மடிக்கும் பக்கம் போனாள்.

அடுத்த திங்கட்கிழமை கையுறையோடு மேஜைக்கு வந்தாள். ஆனால் பேச்சு நின்றுபோனது. ஒரு மாதம் வீட்டில் என்னோடு ஒரு வார்த்தை இல்லை. சாப்பாடு மட்டும் எடுத்து வைப்பாள், அந்தக் கோபத்திலும் தட்டு நிறைய. என் கணவர் எந்தப் பக்கமும் சேராமல் பேப்பருக்குள் புகுந்துகொண்டார். ஒரே பக்கத்தை அரை மணி நேரம் படிப்பார். பதவி போனாலும் போகட்டும், இவள் பேசினால் போதும் என்றுகூட எனக்குத் தோன்றியது. கையுறை விஷயத்தில் மட்டும் நான் இறங்கவில்லை.

கடைசி நாள் மேனேஜர் கேட்டார். குடும்பத்து ஆளை வைத்துக்கொண்டு இந்த அம்மா எப்படி நியாயமாக நடத்துவார் என்று டிரையர்காரர் முந்திக்கொண்டார். தப்பான கேள்வி என்று சொல்ல மாட்டேன். மற்றவர்கள் தரையைப் பார்த்தார்கள். அக்கா முன்னால் வந்தாள்.

"ஏழு வாரம் என் மூஞ்சிக்குப் பயந்து இவ தப்பு பண்ணினா. அப்புறம் அதே மூஞ்சிய நேராப் பாத்து, தள்ளி நில்லுன்னா. வீட்ல ஒரு மாசம் நான் பேசாம இருந்தும் அசையல. இவ சொன்னா நான் கேப்பேன்."

அதற்குப் பிறகு ஒவ்வொருவராகக் கேட்போம் என்றார்கள். டிரையர்காரர்கூட ஏதோ முனகித் தலையை ஆட்டினார்.

சாயங்காலம் வெளியே வரும்போது நன்றி சொன்னேன். எங்கள் வீட்டில் யாரும் யாருக்கும் சொல்லிப் பழக்கமில்லாத வார்த்தை, நாக்கு தடுமாறியது. அக்கா நடையை நிறுத்தாமலே பேசினாள்.

"பதினோரு வருஷமா இங்க எல்லாரும் என்னைப் பாத்துதான் பயந்தாங்க. என் கைக்கு ஏதாவது ஆயிடுமோன்னு பயந்தது நீ ஒருத்திதான்."