காளியாயிக்குக் குளிசை இல்லை

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தேழாம் வருடத்து ஆடி மழையில், இலங்கை மலைநாட்டு வட்டவளைக்கு மேலே கல்மலைத் தோட்டத்தில், காளியாயி முதுகில் சுமந்த தேயிலைக் கொழுந்து கூடையிலேயே வாடிப்போயிற்று. உலகத்தைச் சுற்றிவந்த விஷக்காய்ச்சல் அப்போது தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருந்த லயங்களிலும் புகுந்திருந்தது. மேல்லயத்தில் மட்டும் பதினோரு பேர் செத்தார்கள். டவுன் கடைக்காரர்கள் சாமானைத் தடியில் கட்டி நீட்டினார்கள். தோட்டத்து ஆட்களைக் கண்டால் பஸ் நிற்கவேயில்லை. இவர்கள் இந்த நாட்டுக்காரர் இல்லை என்று சட்டம் வந்து ஒன்பது வருடம் ஆகியிருந்ததால், காய்ச்சலையும் இவர்கள்தான் இந்தியாவிலிருந்து கப்பலில் கொண்டுவந்தார்கள் என்று சொல்லிவிடுவது எல்லாருக்கும் வசதியாக இருந்தது. காளியாயி பிறந்தது றொசல்லயில். கப்பலை அவள் கண்ணால் கண்டதில்லை.

வேலைக்கு வராமல் படுத்தால் அரிசிப் பங்கை வெட்டிவிடுவார்கள் என்று காய்ச்சலோடு மலைக்குப் போனவள் அவள். மழைக்காலத்தில் கொழுந்தைத் தூளாக்கும் முன் தேயிலை ஸ்டோர் மாடியில் பரப்பி வாட்ட ஒரு முழு நாளும் ஒரு வண்டி விறகும் வேண்டும். இவள் உடம்புச் சூட்டுக்கு அரை மணி போதும். தோட்டத்தை நடத்திய துரை மாடு பிடிக்க வந்தவர் மாதிரி அவளைச் சுற்றிவந்து பார்த்தார். மறுநாளே அவளை மாடியில், கொழுந்துக்கு நடுவில் உட்கார வைத்தார்கள். மற்றவர்களுக்கெல்லாம் புரட்டாசியில் காய்ச்சல் விட்டது. இவளுக்கு விடவில்லை.

காளியாயி கேட்டது ஒன்றைத்தான். காய்ச்சல் இறங்க வேண்டும், ஆறு மாதப் பிள்ளை மீனம்மாவைத் தூக்க வேண்டும். தொட்ட இடமெல்லாம் பிள்ளைக்குக் கொப்புளம் போட்டது. அதனால் புருஷன் அழகனின் அக்காதான் வளர்த்தாள். லயத்துப் பெண்கள், "அந்தச் சூட்டுக்காரி வர்றா, பிள்ளைகள உள்ள தூக்குங்கடி" என்று கதவைச் சாத்தினார்கள்.

தோட்டத்து மருந்துக்காரர் தம்பிராசா, யாழ்ப்பாணத்து மனிதர். காய்ச்சல் மாத்திரை கேட்டு அவர் வாசலில் போய் நின்றாள்.

"ஐயா, ரெண்டு குளிசை குடுங்க. பிள்ளையத் தூக்கணுங்க."

"உனக்கு மட்டும் குடுக்கக் கூடாதெண்டு துரை எழுதித் தந்திருக்கிறாரெல்லோ. என்ர வேலை போயிடும், பிள்ளை."

சொல்லும்போது அவர் கண் கலங்கியது. நல்ல மனிதர்தான். அவரைப் போன்ற நல்ல மனிதர்களால் எந்தத் துரைக்கும் ஒரு கெடுதலும் வந்ததில்லை. அழகன் அவளை மழையில் நடத்தியே ஒரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். துரையின் துண்டுச் சீட்டு எங்கே என்று கேட்டு, வாசலோடு திருப்பி அனுப்பினார்கள். இப்படியே ஏழு வருடம்.

அறுபத்து நான்கில் மாடிக்குக் கொழுந்து வாட்டும் காற்றாடி மெஷின் வந்தது. அன்று மதியமே தம்பிராசா தானாகப் படியேறி வந்து இரண்டு வெள்ளைக் குளிசை கொடுத்தார். அரை மணியில் காய்ச்சல் விட்டது. அந்த அரை மணியைத்தான் ஏழு வருடம் கொடுக்காமல் வைத்திருந்தார்கள், பாவிகள்.

காளியாயி லயத்துக்கு ஓடினாள். மீனம்மா மலைத்தண்ணீர் விழும் பீலியில் சட்டி கழுவிக்கொண்டிருந்தாள்.

"வாடி தங்கம், அம்மா தூக்குறேன்."

பிள்ளை சட்டியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு இரண்டடி பின்னால் போனது.

"வேணாம், சுடும்."

அவளைக் குற்றம் சொல்ல முடியாது. எல்லாரும் சொல்லிக்கொடுத்தது அதுதான். காளியாயி நீட்டிய கையை மடக்கவில்லை. பீலித் தண்ணீர் அந்தக் கையில் விழுந்து குளிர்ந்தே ஓடியது. அதைப் பார்த்தும் பிள்ளை கிட்டே வரவில்லை.